உடல் மறப்பதில்லை, நாமும் மறக்கலாகாது



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் இரவில், தராவீஹ் தொழுகைக்குப் பின் நிகழ்த்திய பயானில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞரைச் சுட்டிக்காட்டிப் பேசினோம். அவர் தம் மூத்த சகோதரியிடமிருந்து சிறுநீரகம் பெற்று அப்போது மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வாண்டு அவர் மீண்டும் நோன்பு நோற்கத் தொடங்கியிருந்தார். உடல்நலத்துடன் இருக்கும் நாமெல்லாம் சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டிருக்க, மாற்றுச் சிறுநீரகத்துடன் இந்தத் தம்பி நோன்பு நோற்கிறாரே, இதுவன்றோ ஈமான் என்று வியந்துரைத்தோம். கூடியிருந்தோர் "மாஷா அல்லாஹ்" என்றனர். அவரும் தலைகுனிந்து புன்னகைத்தார்.

அன்று நாம் செய்தது பெரும் பிழை. அவர் மருத்துவரைக் கேட்ட பின்பே நோன்பு நோற்கிறாரா என்று நாம் விசாரிக்கவில்லை. அவர் கேட்டிருக்கவில்லை. ஸஹருக்கு எழ முடியாத நாட்களில் காலை மாத்திரையை விட்டுவிட்டிருக்கிறார். உடலில் எந்தக் குறையும் தோன்றவில்லை. நோன்பு முடிந்த பின்னும் அப்பழக்கம் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சகோதரியின் சிறுநீரகத்தைக் குறிவைத்துத் தாக்கும் ஆன்டிபாடிகள் அவர் இரத்தத்தில் உருவாகிவிட்டன என்று மருத்துவர்கள் கூறினர். செய்ய வேண்டிய சிகிச்சைகளையெல்லாம் செய்தும் பயனில்லை. இன்று அவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார்.

நலம் விசாரிக்கச் சென்றிருந்தபோது அவருடைய சகோதரி திரைக்கு அப்பாலிருந்து சொன்ன சொற்கள் இன்றும் நம் நெஞ்சை அறுக்கின்றன. "கிட்னி கொடுத்ததுல எனக்கு வருத்தமே இல்ல ஹஜ்ரத். அல்லாஹ்வுக்காகக் கொடுத்தேன். ஆனா மாத்திரைய விடாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான். நான் சொன்னா கேக்க மாட்டான்."

அந்த ஒரு வார்த்தையைக் காலம் கடந்தேனும் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம். அதைச் சொல்லும் முன், நாம் பின்னர் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றைப் பகிர்ந்துகொள்வது அவசியம். காரணம் தெரியாமல் இடும் கட்டளை நெடுநாள் நிலைக்காது.

உடல் தன்னையும் பிறரையும் அறியும் விதம்

நம் உடலின் உயிரணுக்களின் மேற்பரப்பில் சில அடையாளங்களை அல்லாஹ் அமைத்துள்ளான். அவற்றை மருத்துவர்கள் எச்.எல்.ஏ. என்று குறிப்பிடுவர். அவற்றுக்குரிய மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அமைந்துள்ளன. ஒவ்வொரு குழந்தையும் தாயிடமிருந்து ஒரு பாதியையும் தந்தையிடமிருந்து மறுபாதியையும் பெறுகிறது. ஆகவே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பாதிப் பொருத்தம் எப்போதும் இருக்கும். உடன்பிறந்தோரிடையே நிலைமை வேறு. முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு, பாதிப் பொருத்தத்துக்கு நான்கில் இரண்டு, அறவே பொருந்தாமற்போக நான்கில் ஒன்று. ஒரே வயிற்றில் பிறந்தும் திசுவளவில் அந்நியராய் இருப்போர் உண்டு.

நோய்க்கிருமி நுழைந்தால் அதனை அந்நியமென்று கண்டு தாக்கும் அதே காவற்படை, பிறருடைய உறுப்பு நுழைந்தாலும் தாக்குகிறது. அது அன்பளிப்பாக வந்தது என்பதை அப்படை அறியாது. 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்த சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நீடித்த வெற்றியைத் தந்ததற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதே. அவ்விருவரின் அடையாளங்களும் ஒன்றாக இருந்தமையால் காவற்படைக்கு அந்நியர் எவரும் தென்படவில்லை. ஒத்த இரட்டையர் இல்லாத நம் அனைவருக்கும் அப்படையை அடக்கிவைக்கும் மருந்து தேவைப்படுகிறது.

இக்காவற்படையின் ஆயுதங்களுள் ஒன்றுதான் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். ஒருமுறை கண்ட அந்நிய அடையாளத்தை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதே அடையாளம் மீண்டும் வந்தால் முன்னிலும் விரைவாகத் தாக்குகிறது. அம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வராமலிருப்பதும், தடுப்பூசி பயனளிப்பதும் இந்நினைவாற்றலால்தான். நோயின்போது ரஹ்மத்தாக விளங்கும் அதே ஆற்றல் உறுப்பு மாற்றத்தின்போது சோதனையாகிறது.

பொருந்தவில்லை என்னும் சொல்லும் குடும்பத்தின் கண்ணீரும்

பிறருடைய திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஒருவருடைய உடலில் முன்கூட்டியே உருவாக மூன்று வழிகள் உண்டு: இரத்தம் ஏற்றிக்கொள்வது, முன்னரே ஓர் உறுப்பைப் பெற்றிருப்பது, கர்ப்பம் தரிப்பது.

மூன்றாவதைச் சற்று சிந்தித்துப் பாருங்கள். கருவிலிருக்கும் குழந்தையின் அடையாளங்களில் பாதி தந்தையுடையவை. தாயின் உடல் அவற்றைச் சந்திக்கிறது. சில தாய்மாரின் உடலில் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் தோன்றுகின்றன. கருவிலிருக்கும் குழந்தைக்கு இவற்றால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஆயினும் அத்தாய்க்கு எப்போதேனும் சிறுநீரகம் செயலிழந்து, அவர் பெற்ற மகனோ அவருடைய கணவரோ தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்தால், அந்தப் பழைய நினைவு குறுக்கே நிற்கக்கூடும். பல பிள்ளைகளைப் பெற்றவருக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல்.

1958ஆம் ஆண்டு நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வான் ரூட் என்னும் மருத்துவர், பிள்ளை பெற்ற பெண்களின் இரத்தத்தில் இத்தகைய ஆன்டிபாடிகளைக் கண்டறிந்தார். அதே ஆண்டு பிரான்சில் ழான் டோசே என்பவர், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளை ஆராய்ந்து இவ்வடையாளங்களுள் முதலாவதை விவரித்தார். அதற்காக அவருக்கு 1980இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. திசுப் பொருத்தம் பார்க்கும் அறிவியல் பெருமளவுக்குத் தாய்மாரின் இரத்தத்திலிருந்து பிறந்தது என்றால் அது மிகையாகாது.

மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் கிராஸ் மேட்ச் என்றொரு பரிசோதனை செய்வார்கள். கொடுப்பவரின் உயிரணுக்களையும் பெறுபவரின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எதிர்ப்பு தென்பட்டால் அபாயம். 1969ஆம் ஆண்டு படேல், டெராசாகி என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக நிறுவியது. அப்பரிசோதனையில் எதிர்ப்பு காணப்பட்டும் உறுப்பு பொருத்தப்பட்ட 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே செயலிழந்தது. எதிர்ப்பு காணப்படாத 195 பேரில் எட்டுப் பேருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. அன்று முதல் இப்பரிசோதனையின்றி அறுவை அரங்கிற்குள் நுழைவது பெருந்தவறாகக் கருதப்படலாயிற்று.

இவ்விடத்தில் நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மகனுடைய சிறுநீரகம் தாய்க்குப் பொருந்தவில்லை என்று ஆய்வகம் சொன்னால், வீட்டில் மூத்தோர் சிலர் "பெத்த புள்ளையோடது எப்படிச் சேராமப் போகும்?" என்று கேட்கின்றனர். அப்பிள்ளைக்கு மனமில்லை, மருத்துவரிடம் சொல்லி மறுக்கவைத்துவிட்டான் என்றும் பேச்சு எழுகிறது. மருமகள் தடுத்தாள் என்று பழி சுமத்தப்படுவதும் உண்டு. இவை யாவும் தவறான எண்ணங்கள். தீய எண்ணம் கொள்வதை நம் மார்க்கம் வன்மையாகத் தடுத்துள்ளது. அந்த மகனின் அன்பில் குறைவில்லை. அவனைச் சுமந்த காலத்தை அத்தாயின் உடல் மறவாமல் இருக்கிறது, அவ்வளவே.

இதன் மறுபக்கமும் உண்டு. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இரத்த உறவு இல்லை. எனினும் அவர்களிடையே செய்யப்படும் மாற்று சிகிச்சை மிக நல்ல பலனைத் தருகிறது என்பதை டெராசாகி குழுவினரின் 1995ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆன்டிபாடி தடையாக இல்லாதபோது, பொருத்தத்தின் குறைவைப் பெருமளவுக்கு மருந்து ஈடுசெய்கிறது. பொருந்தாத இரு குடும்பத்தார் கொடையாளரைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றச் சட்டத்தில் 2011இல் செய்யப்பட்ட திருத்தம் இதனை அனுமதிக்கிறது. ஆகவே ஒரு கதவு மூடப்பட்டதும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் வீட்டில் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. "ரத்தம் கம்மியா இருக்கு, ரெண்டு பாட்டில் ஏத்திடுங்க" என்று நாமாக வற்புறுத்தலாகாது. ஏற்றப்படும் இரத்தமும் ஆன்டிபாடிகள் உருவாகக் காரணமாகலாம். பிற்காலத்தில் மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பதை அது கடினமாக்கும். கட்டாயத் தேவையா, ஊசி மருந்தால் இரத்தத்தைக் கூட்ட முடியுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பொருத்திய பின் தொடங்கும் அமானிதம்

இனி, நாம் சொல்லத் தவறிய விஷயத்துக்கு வருவோம்.

அறுவை சிகிச்சை வெற்றி பெற்று, காயம் ஆறி, நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியதும் நம் மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சிறுநீரகம் இனி இவருடையதாகிவிட்டது, உடலோடு ஒன்றிவிட்டது என்று எண்ணுகிறார்கள். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு கழிய அவ்வெண்ணம் வலுப்பெறுகிறது. "இன்னும் எதுக்கு இவ்வளவு மாத்திரை? சூடு பண்ணும், ஈரலைக் கெடுக்கும்" என்று உறவினர் சொல்கிறார்கள். பணச் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

உண்மை இதற்கு நேர் எதிரானது. சிறுநீரகம் பத்தாண்டு கழிந்தாலும் அதைக் கொடுத்தவரின் அடையாளத்தோடுதான் இருக்கிறது. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் காவற்படையை அயரவைத்திருப்பதால்தான் அது தாக்கப்படாமல் இருக்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்தே இவ்விரு மருந்துகளும் கண்டெடுக்கப்பட்டன. டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுக்குபா பகுதி மண்ணிலும், சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலும் கிடைத்தன. நோயைத் தந்தவன் அதன் நிவாரணத்தையும் பூமியில் வைத்திருக்கிறான் என்னும் நபிமொழியின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பெரும்பாலோர் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாளுக்கு இருமுறை உட்கொள்கின்றனர். இரத்தத்தில் அதன் அளவு மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். கூடினால் அம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். குறைந்தால் காவற்படை விழித்துக்கொள்ளும். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். பம்பளிமாஸ் போன்ற பழங்களும், சில நாட்டு மருந்துகளும், மருந்துக் கடையில் நாமாக வாங்கும் சில மாத்திரைகளும்கூட அவ்வளவை ஏற்றி இறக்கிவிடும்.

மாத்திரை அடிக்கடி விடுபடும்போது, கொடுத்தவரின் அடையாளத்துக்கு எதிராகப் புதிய ஆன்டிபாடிகள் தோன்றக்கூடும். அவை சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல அரிக்கின்றன. வலி இல்லை. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். சிறுநீர் வழக்கம்போல் பிரிகிறது. கிரியேட்டினின் உயர்ந்து காட்டும்போது சேதம் நிகழ்ந்து முடிந்திருக்கும். உருவான ஆன்டிபாடியை முற்றாக அகற்றுவது மிகக் கடினம். துயரம் அத்தோடு முடிவதில்லை. அந்த ஆன்டிபாடிகள் உடலில் தங்கிவிடுவதால் அடுத்த சிறுநீரகம் பொருந்துவதும் அரிதாகிறது. நூறு கொடையாளர்களில் எண்பது பேரின் உறுப்பு இவருக்கு ஆகாது என்னும் நிலைக்குச் சிலர் தள்ளப்படுகின்றனர்.

இப்போது நம் மார்க்கத்தின் மொழியில் சொல்வோம். பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். ஒரு சகோதரி தம் விலாவில் வெட்டுக்காயம் ஏற்று, தம் எஞ்சிய ஆயுளை ஒற்றைச் சிறுநீரகத்துடன் வாழச் சம்மதித்துத் தந்ததைவிடப் பெரிய அமானிதம் ஏது? நம் நாட்டில் உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்போரில் பெரும்பான்மையினர் பெண்களே. தாய், மனைவி, சகோதரி என்று அவர்கள் ஓசையின்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுகின்றனர். வேளை தவறாது மாத்திரை உட்கொள்வதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். காலையும் மாலையும் பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்கும் அந்த மாத்திரையையும் இவ்வுணர்வோடு உட்கொள்ளலாமே.

நோன்பைப் பற்றி

நோயாளிகளும் பயணிகளும் நோன்பை வேறு நாட்களில் நோற்கலாம் என்னும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே அளித்துள்ளான். நோன்பினால் நோய் பெருகும் என்னும் தக்க அச்சமிருந்தால் அதை விட்டுவிட ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் இடமளிக்கின்றன. பின்னர் நோற்க இயலும் என்னும் நம்பிக்கையே இல்லாத நோயாளிக்கு, நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. உறுப்பு பெற்றவர்களுள் சிறுநீரகம் நிலையாக இயங்கும் சிலருக்கு மருத்துவர்கள் மாத்திரை நேரத்தை மாற்றியமைத்து, கண்காணிப்புடன் அனுமதியளிப்பதும் உண்டு. வேறு பலருக்கு மறுத்துவிடுவர். நம் ஊரில் நோன்பின் நேரம் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டுகிறது. கோடையில் தண்ணீரின்றி இருப்பதும் சிறுநீரகத்துக்குச் சோதனையே. ஆகவே முடிவு ஆளுக்கு ஆள் வேறுபடும். மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்னதை ஆலிமிடம் எடுத்துரைத்து, அதன் பின்னரே நிய்யத் வைக்க வேண்டும்.

சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு என்று எண்ணுவோருக்கு அபூதாவூதில் இடம்பெறும் ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறோம். பயணத்தில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகையில்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது கடுமையாகக் கண்டித்தார்கள். அவருடைய மரணத்துக்கு அவர்களையே பொறுப்பாக்கி, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்குக் கேட்பதல்லவா மருந்து என்னும் கருத்துப்பட உரைத்தார்கள்.

இந்நிகழ்வை மதரஸாவில் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். அந்த ரமளான் இரவில் அதை மறந்தோம். அந்த இளைஞர் நம்மிடம் ஃபத்வா கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்காமலேயே நாம் புகழ்ந்தோம். மேடையிலிருந்து வரும் புகழ்ச்சி சில வேளைகளில் ஃபத்வாவைவிட வலிமையானது.

நாம் செய்யத்தக்கவை

உறுப்பு தானம் கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்துவருகிறது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, விற்பனைக்கு இடமின்றி, நிபந்தனைகளோடு அதனை அனுமதித்தது. தடுப்போரும் உள்ளனர். அவ்விவாதத்தை இங்கே நாம் எழுப்பவில்லை. இரு சாராரும் உடன்பட வேண்டிய ஒன்று உண்டு. பொருத்தப்பட்டுவிட்ட உறுப்பை அலட்சியத்தால் பாழாக்க எவருக்கும் அனுமதியில்லை.

ஆகவே ஷஅபான் மாதத்திலேயே நம் இமாம்கள் ஜும்ஆ உரையில் இதைப் பற்றி ஒரு நிமிடமேனும் பேசட்டும். உறுப்பு பெற்றவர்கள் மஹல்லாவில் எவரெவர் என்று ஜமாஅத்தார் அறிந்திருந்தால், மருந்து வாங்க இயலாத தகுதியுடையோருக்கு ஜகாத்திலிருந்து உதவலாம். அறுவை சிகிச்சைக்கு வசூல் செய்து தரும் நாம், அதன் பின்னர் வரும் மாதந்தோறுமான மருந்துச் செலவை மறந்துவிடுகிறோம். கொடுத்தவரையும் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோன்பு நோற்காத நோயாளியைக் கண்டால் "ஏன் நோக்கல?" என்று கேட்காதீர்கள், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேளுங்கள்.

அந்த இளைஞரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "உங்க மேல தப்பில்ல ஹஜ்ரத், என்னோட கத்ர்" என்றார். கத்ரை நாம் நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம் என்பதும் நினைவில் இருக்கிறது. அவர் இப்போது இறந்தவரிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்து காத்திருக்கிறார். ஆன்டிபாடி அளவு மிகுதியாக இருப்பதால் அவருக்குப் பொருத்தமானது கிடைப்பது எளிதன்று. அவருக்காக உங்கள் துஆக்களில் இடமளியுங்கள்.

யா அல்லாஹ், நோயுற்றோருக்கு ஷிஃபாவை அருள்வாயாக. தம் உடலிலிருந்து கொடுத்தோருக்கு ஈருலகிலும் நற்கூலி வழங்குவாயாக. அறியாததைக் கேட்டறியும் பணிவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.